ஸ்டாண்டைக் காப்பாற்றச் சுற்றிய நாள்

அன்றைக்கு ஸ்டாண்டில் இருந்தவர்கள். மூத்த அண்ணன், அடுத்த லோடு யாருக்கு என்று எழுதும் முறை நோட்டு அவர் கையில். கோச்சடையில் இருந்து வரும் அண்ணன் தம்பி ரெண்டு பேர். என் தங்கச்சி வீட்டுக்காரர், அதாவது மாப்ள. நான். அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு லோடு ஆட்டோ. எதிரே குடைக்கு அடியில் கணக்கெடுக்க வந்த ஒரு பொம்பளப் பிள்ளை, மடியில் அட்டை. லோடு வண்டி போனால் ஒரு கோடு போடும்.

காளவாசல் பக்கம் எங்களுக்கு நிற்க வேறு இடம் கிடையாது.

மாப்ள அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்டுவிட்டு ஓடி வந்தார். "இந்தக் கணக்கை வச்சுத்தான் ஸ்டாண்டு இருக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்களாம்."

மிச்சத்தை அவர் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மூத்த அண்ணன் சொன்னார். "எங்க ஊர் பஸ்ஸை ஏற ஆளில்லைன்னுதான் நிறுத்துனானுக. கணக்கு கம்மியா இருந்தா இதையும் தூக்கிருவானுக. எடுங்கடா வண்டியை."

எடுத்தோம். பிள்ளைக்கு முன்னால் போவது, சிக்னலில் திரும்புவது, சந்து வழியாக மறுபடி வருவது. காலி வண்டிதான். ஆனாலும் முறைப்படிதான் போனோம். நாலாவது சுற்றில் கோச்சடைத் தம்பி முந்திவிட்டான். மூத்த அண்ணன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

"முறை என்னடா முறை? யாவாரமா நடக்குது?" என்றான் அவன்.

"சும்மா சுத்துனாலும் முறை முறைதான். பின்னால போ."

போனான். பின்னால் டவுன் பஸ் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது.

பதினொரு மணிக்கு மிஷன் ஸ்கூல் வாத்தியார் ஒருவர் வந்தார். வீடு மாற்றுகிறார், திருப்பரங்குன்றத்துக்கு ஒரு பீரோ போகணும். நாளைக்கு வாரோம் என்றோம்.

"வண்டி சும்மாதானே சுத்துது?"

"சும்மா இல்ல சார், வேலையா சுத்துது" என்றேன்.

மாப்ளைக்கு மனசு கேட்கவில்லை. பீரோவை ஏற்றினார். வாத்தியாரையும் பக்கத்தில் ஏற்றினார். ஏற்றிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார்.

"தம்பி, இந்த சிக்னலை மூணாவது தடவை பாக்குறேன்" என்றார் வாத்தியார்.

"இன்னும் ஒரே சுத்து சார். அப்புறம் நேரா குன்றந்தான்."

சாயங்காலம் பிள்ளை குடையை மடக்கியது. மூத்த அண்ணன் கிட்டப் போனார். "தங்கச்சி, ஸ்டாண்டு நிக்குமா?"

"முந்நூறுக்குள்ள இருந்தா நிக்கும்ணே. தாண்டுனா நெரிசல்னு எடுத்துருவாங்க. காலைலயே சொல்ல வந்தேன், அந்த அண்ணன் நிக்கவே இல்ல."

எல்லாரும் மாப்ளையைப் பார்த்தோம். அவர் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார்.

"நாங்க சும்மா சுத்துனதைக் கழிச்சிரும்மா" என்றேன்.

"எண்ணத்தான் சொல்லிருக்காங்கண்ணே. கழிக்கச் சொல்லல."

"எம்புட்டு வந்துச்சு?"

அட்டையைத் திருப்பிக் காட்டியது.

முந்நூற்று நான்கு.