ஜெர்மனி உயரம்

எண்ணெய்த் தாளில் சுற்றிய நான்கு ஸ்பிரிங்குகளை எங்கள் இயக்குநர் தம் மேசைமேல் வரிசையாக நிறுத்தியிருந்தார். ஜெர்மனியில் படித்த மகன் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தவை. இடம் போதாமல் கோப்புகள் தரைக்குப் போயிருந்தன. அவர் எந்தக் கோப்பையும் அத்தனை பரிவோடு தொட்டு நான் பார்த்ததில்லை.

அவரிடம் சென்னையில் வாங்கிக் கப்பலில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்த ஒரு ஜெர்மன் குடும்பக் கார் இருந்தது. அதே பெயரில் சீனாவில் பின்சீட்டுக்காரர் கால் நீட்டச் சற்று நீளமாகவும், அமெரிக்காவில் பெரிய பெட்ரோல் இன்ஜினோடும், ஐரோப்பாவில் நாயும் சாமானும் ஏற முதுகு நீண்ட வண்டியாகவும் விற்கிறார்கள் என்பதை வாராந்தரக் கூட்டத்தில் குடிநீர்க் குழாய் விவகாரத்தை எடுக்கும் முன்பே சொல்லிவிடுவார். இந்தியாவுக்கு வருவதை மட்டும் நம் சாலைகளை நினைத்து இரண்டு விரற்கடை உயர்த்தி அனுப்புகிறார்கள். ஊருக்கேற்ப வண்டியை மாற்றிக் கட்டியவன் பொறியாளன். அதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டவர் இயக்குநர். "நமக்குன்னா மாட்டு வண்டி மாதிரி தூக்கி வச்சுக் கொடுக்கிறான்" என்பார். மேசைமேல் இருந்தவை அந்த அவமானத்தைத் துடைக்க வந்த அசல் ஜெர்மனி உயர ஸ்பிரிங்குகள்.

எங்கள் துறை ஒர்க்‌ஷாப் மெக்கானிக் ராமநாதபுரத்துக் குடும்பம், பிறந்தது இங்கே. பதினோரு ஆண்டுகளாகத் தினக்கூலி. அவரை நிரந்தரமாக்கும் கோப்பு பரிசீலனையில் இருந்தது. வயது வரம்பைத் தாண்டச் சில மாதங்களே பாக்கி.

"சாப், தாழ்த்தினா பாம்பூஃபிளாட் ஃபெர்ரியில ஏறாது. தண்ணி வத்துற நேரம் சரிவு ஜாஸ்தி. வயிறு தட்டும்" என்றார்.

"தினக்கூலிக்காரன் ஜெர்மன்காரனுக்குப் பாடம் எடுக்கிறியா? மாட்டுடா."

மாட்டினார். அந்த வாரமே சாத்தம் படகுத்துறையில், நீர் வற்றிய நேரத்தில், இயக்குநர் குடும்பத்தோடு அக்கரை பாம்பூஃபிளாட்டுக்குக் கிளம்பினார். நானும் வரிசையில் நின்றேன். முன்சக்கரங்கள் ஃபெர்ரியின் இரும்புப் பலகையில் இறங்கின. வயிறு விளிம்பில் உட்கார்ந்தது. பின்சக்கரங்கள் காற்றில் சுழன்றன.

"அரே தேக்கோ, ஜெர்மனி காடி ஊஞ்சல் ஆடுது!" என்றான் ஒரு ஸ்கூட்டர்க்காரன்.

"சாப் மட்டும் இறங்கட்டும் பாய், பாதி கனம் போயிரும்!"

இருபது பேர் தூக்கித்தான் எடுத்தார்கள். எண்ணெய்த் தொட்டி பிளந்து சரிவெல்லாம் கறுப்பு.

மறுநாள் இயக்குநர் என்னை அழைத்தார். "அந்த மெக்கானிக்குக்கு மெமோ கொடுங்க. நாளையிலேருந்து அவன் வர வேண்டாம்."

"கொடுத்துடலாம் சார். சொந்தக் காரை அரசாங்க ஒர்க்‌ஷாப்புல, அரசாங்க நேரத்துல, யார் உத்தரவுல கழட்டினான்னு மெமோவுல ஒரு பத்தி வரணும். அதை எப்படி எழுதட்டும்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் இன்னொரு கோப்பை அவர் முன்னால் விரித்தேன். "இதுலயும் உங்க கையெழுத்து ஒண்ணு பாக்கி சார்." அதே மெக்கானிக்கின் நிரந்தரப் பணிக்கான பரிந்துரை. படிக்காமலே போட்டார்.

அன்று மாலை அதை நானே ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனேன். நன்றியை எதிர்பார்த்தே போனேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து புரட்டினார். என் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியில் நின்றார். அலுவலகக் கண்காணிப்பாளரான என்னை எல்லோரும் அழைப்பதுபோலவே அழைத்தார்.

"படா பாபு, நாலு வருஷமா இது உங்க அலமாரியிலயா இருந்துச்சு?"

இருந்தது. எந்த விதியின் கீழ், எந்த மாதத்தில், யார் முன் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் வைக்கவில்லை. பரிசீலனை என்றால் அவ்வளவுதான்.

இப்போது நானும் மெக்கானிக்கும் ஓய்வுபெற்றவர்கள். மார்க்கெட்டில் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு நிற்காமல் போகிறார். அந்த இயக்குநரின் முட்டாள்தனத்தைச் சொல்லிச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அவர் கெடுத்தது ஒரு கார். அதுவும் அவருடைய சொந்தக் கார்.