அரை பாட்டில் டாக்டர்

அக்காவின் ஒன்றரை வயதுக் குட்டிப்பயலுக்கு ஒரு காதில் தொற்று. இன்று படப்பையில் டாக்டரிடம் காட்டினோம்.

"லேசாத்தான் இருக்கு. இப்போதைக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் மட்டும் சிரப் குடுங்க. ரெண்டு நாள்ல குறையலேன்னா ஆன்டிபயாடிக் பத்தி யோசிப்போம். அதிகமானா உடனே வாங்க" என்றார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் எதிரே எங்கள் தெரு அங்கிள். ஒரகடத்தில் கார் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். கழுத்தில் ஐடி கார்டு, வாயில் இலவச ஆலோசனை.

"ஆன்டிபயாடிக்கே குடுக்கலியா? இன்னா டாக்டர்மா அவரு! எம் பையனுக்கு வாங்குனது அரை பாட்டில் வூட்ல கீது. எடுத்தாந்து ஊத்து, காலைல ஓடுவான்."

ஆயிரம் பேரைக் கொன்றவன்தான் அரை வைத்தியனாம். இவர் அரை பாட்டிலிலேயே பட்டம் வாங்கிவிட்டார்.

இரவெல்லாம் தூங்காத அக்கா என் பக்கம் திரும்பி, "வாங்கிக்கலாமாடி?" என்றாள். நான் அங்கிளிடம் திரும்பினேன்.

"அங்கிள், ஒரு டவுட்டு. வேற மாடலுக்கு வந்த பார்ட்டு மீந்துபோச்சுன்னு லைன்ல வர்ற வண்டில மாட்டுவீங்களா?"

"அதெப்டி பாப்பா? வண்டியையே ரிஜெக்ட் பண்ணிடுவேன்!"

"அப்போ எங்க வண்டில மட்டும் ஏன் மாட்டப் பாக்குறீங்க?" என்று மடியில் சிணுங்கியவனைக் காட்டினேன்.

ஆட்டோவே சிரித்தது. "வேணாம்ணா, டாக்டர் சொன்னபடியே பாக்குறோம்" என்றாள் அக்கா.

இறங்கும்போது அங்கிள் சொன்னது: "சரிம்மா, எதுக்கும் அந்த பாட்டில வூட்டுக்குக் குடுத்தனுப்புறேன்."

குட்டிப்பயலுக்கு ஒரு காதில்தான் பிரச்சினை. அங்கிளுக்கு இரண்டு காதும் அடைப்பு. மருந்து தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அரை பாட்டில் மட்டும் வேண்டாம்.