பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தவர்

1991 கோடையில் ஒரு பிற்பகல். ஸ்ரீபெரும்புதூரில் செய்தி சேகரிக்கும் வேலை முடிந்து, குன்றத்தூர் பேருந்தில் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லையில் ஒரு ஜெர்மானியர் ஏறினார். தொழிற்சாலை ஒன்றுக்கு இயந்திரம் பொருத்த வந்தவர். கம்பெனி கார் பழுதாகிவிட்டதாம். தலை கூரையில் இடித்ததால் கழுத்தைச் சாய்த்து நின்றார். இடப்பக்க ஜன்னல்களுக்கு மேல் எழுதியிருப்பது என்ன என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். 'பெண்கள்' என்றேன். உடனே அந்தப் பக்கக் கம்பியிலிருந்து கையை எடுத்து, இந்தப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு நேர் எதிரே, பெண்கள் இருக்கையின் ஓரத்தில் ஒரு கர்ப்பிணி இருந்தாள். ஏழெட்டு மாதம் இருக்கும். பாதம் வீங்கி, செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள்.

நடத்துநர் அவளிடம் வந்தார். "இன்னாம்மா, ஊரு விட்டு ஊரு வந்த மனுசன் நின்னுகினு வராரு. கொஞ்சம் எழுந்து எடம் குடேன்."

"கால் வீங்கி கீதுண்ணா. குன்றத்தூர் வரைக்கும் நிக்க முடியாது."

"நம்ம ஊரப் பத்தி இன்னா நெனைப்பாரு அவரு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் இரண்டு பேர் 'உச்' கொட்டினார்கள். அவள் எழுந்துவிட்டாள்.

ஜெர்மானியர் பதறி, எழுத்தைக் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். அதற்குள் தோளில் துண்டு போட்ட ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்கண்ணே, என் எடம்," என்றாள் அவள்.

"தொரைக்குன்னா எழுந்துப்ப, எனக்குன்னா மாட்டியா?" என்றார் அவர். பேருந்து சிரித்தது. நடத்துநரும் சிரித்தபடி டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

ஜெர்மானியர் சிரிக்கவில்லை. என்னிடம் குனிந்து, அந்த ஆள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார், ஆண்களுக்கு வேறு விதி ஏதும் உண்டா என்று கேட்டார். கேலி இல்லை, விதியைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சிக்," என்றேன். அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். பக்கத்தில் நின்ற கர்ப்பிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் கட்டாயப்படுத்தாமல் நான் சொன்ன பொய் அது. ஊர் மானத்துக்காகச் சொன்னதாக அன்று நினைத்துக்கொண்டேன். ஜெர்மானியர் நம்பினார். துண்டுக்காரரைப் பார்த்து, நலம் பெற வேண்டும் என்பதுபோல் தலைதாழ்த்தினார். அவரும் பெருமையாகத் தலையாட்டிவிட்டுப் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "வெள்ளக்காரன்கிட்ட கீற ஒழுக்கத்தப் பாத்தியா? நம்மாளுங்களுக்கு வருமா?" என்றார். அந்தப் பெண் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

என் இடத்தை நான் கொடுத்திருக்கலாம். என் பக்கத்தில் ஓர் ஆண் இருந்தார். அந்நிய ஆணுக்குப் பக்கத்தில் கர்ப்பிணி எப்படி உட்காருவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவரையும் எழுப்பியிருந்தால் அவளுக்கு முழு இருக்கையே கிடைத்திருக்கும். பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன்.

பாதி வழியில் அவள் முடியாமல் என் இருக்கைக்கு அருகே தரையில் உட்கார்ந்தாள். ஏறி இறங்கியவர்கள் அவள் காலைத் தாண்டிப் போனார்கள். ஜெர்மானியர் மட்டும் தன் பையை அவளுக்கு முன்னால் வைத்து, மிதிபடாமல் மறித்து நின்றார்.

குன்றத்தூரில், வீங்கிய காலில் செருப்பு நுழையவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, என் இருக்கைக் கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"அவருக்கு இன்னா ஒடம்பு சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் வெறுங்காலோடு இறங்கிப் போனாள்.