டாக்டர் சொல்வாங்க

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம் படித்தவள் நான். திருமணமாகிச் சிங்கப்பூர் வந்தபோது, என் பட்டத்துக்கு இங்கே நேரடியாக உரிமம் கிடைக்காது என்றார்கள். இங்கே ஏற்கப்படும் வெளிநாட்டுத் தகுதித் தேர்வு ஒன்றில் தேறும்வரை, தமிழர்கள் அதிகம் புழங்கும் தேக்கா பக்கத்தில் ஒரு கால்நடைக் கிளினிக்கில் உதவியாளராக இருந்தேன். பூனையைப் பிடித்துக்கொள்வேன், நகம் வெட்டுவேன். நோய் என்னவென்று சொல்ல மட்டும் அனுமதியில்லை. கண்ணெதிரே தெரிந்தாலும், யார் கேட்டாலும் "டாக்டர் சொல்வாங்க" என்பேன்.

உரிமம் கிடைத்த பிறகு அதே கிளினிக்குக்கு வேலைக்குப் போன முதல் காலை, வழக்கமாக வரும் மாலதி அக்கா தன் வயதான பூனையை மேசையில் வைத்தார். வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு சிவந்து, கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏன் சாப்பிடவே மாட்டேங்குது?" என்றார்.

"டாக்டர் சொல்வாங்க," என்றேன், பழக்கதோஷத்தில்.

அக்கா என் சட்டையில் இருந்த புதுப் பெயர்ப்பட்டையைப் பார்த்தார். "டாக்டர் நீங்கதானே? சொல்லுங்க லா," என்றார், சிங்கப்பூர்ப் பேச்சின் அந்த 'லா'வோடு.

பூனையின் வாயை மெல்ல மூடினேன்.

"பல்லு வலிக்குதுக்கா. ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு நானே அந்தப் பல்லை எடுத்துடறேன்."

பட்டம் வாங்கிய மேடையில்கூட அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை நான்.