முட்டி வலிக்காமல் ஒரு ஜப்பான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போனில் பேசிப் பதிந்து வைத்ததை மருமகள்தான் எழுத்தாக்கியிருக்கிறாள். "உங்க பேச்ச கொஞ்சம் இஸ்திரி போட்டிருக்கேன் அத்த" என்கிறாள். போட்டுக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் நாற்று நட்டே காலம் கழித்த நானும் என் ஓரகத்தியும் ஜப்பானுக்குப் போவதென்று திட்டம் போட்டோம். போட்ட திட்டத்தில் ஜெயித்தும்விட்டோம். எங்கள் தெருவில் இன்னும் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாதவர்களுக்கு நான் காபி கொடுப்பதில்லை.

ஓரகத்தி என் கொழுந்தன் பெண்டாட்டி. என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. இருவர் வீட்டுக்காரர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் மகன் வயிற்றுப் பேத்தி நடக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தது அவள் இடுப்பில்தான். எங்களுக்கு என்றும் பாப்பாவான அந்தப் பேத்திதான் இப்போது ஜப்பானில், ஓசாகாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தவள், எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, "இந்த வருசம் ரெண்டு அப்பாயியும் என்கிட்ட வர்றீங்க. எல்லா ஊரையும் சுத்திக் காட்டுறேன்" என்றாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கும்போது எங்கள் இருவரையும் சிரிக்கக் கூடாது என்று சொன்னார்கள். அதனாலேயே சிரிப்பு வந்து, நான்கு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பாப்பா ஒரு திட்டம் அனுப்பினாள். மருமகள் உரக்க வாசித்தாள். ஒரு நாள் டோக்கியோ, மறுநாள் எரிமலை, அதற்கு மறுநாள் கியோட்டோ, அப்புறம் நாரா, ஹிரோஷிமா, இன்னும் என்னென்னவோ. தினமும் காலை ஏழு மணிக்கு ரயில். வாசித்து முடிப்பதற்குள் மருமகளுக்கே மூச்சு வாங்கியது.

ஓரகத்தி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நீ போயிட்டு வாக்கா. நான் வரல."

"ஏண்டி?"

"உளுந்து பறிக்கணும்."

உளுந்து ஒரு சாக்கு. நிஜம் அவள் முட்டி. வலது முட்டி இரண்டு வருடமாக மக்கர் பண்ணுகிறது. நடப்பாள், ஆனால் நடந்தபின் உட்கார வேண்டும். யார் முன்னாலும் நொண்ட மாட்டாள், ரோஷக்காரி.

எங்கள் நடவில் ஒரு பழக்கம் உண்டு. பத்துப் பதினைந்து பேர் வரிசையாகக் குனிந்து நின்று, பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டு நடுவோம். ஒருத்திக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் அவளைக் கரையேறு என்று சொல்ல மாட்டோம். இந்தப் பக்கத்துக்காரி இரண்டு குத்து, அந்தப் பக்கத்துக்காரி இரண்டு குத்து, அவள் இடத்திலும் சேர்த்து நட்டுவிடுவார்கள். வரிசை கோணாமல் எல்லாரும் ஒன்றாகவே வரப்பைத் தொடுவோம். இதை அவளிடம் சொன்னேன்.

"நடவுல அது சரி. அங்க எல்லாரும் சேத்துல நிக்கிறோம்" என்றாள். "இது பாப்பா லீவு போட்டுக் கூட்டிட்டுப் போறது. நடுரோட்டுல நான் உக்காந்துக்கிட்டா அது பாக்குமா, ஊரப் பாக்குமா? பெருமையா கூப்பிட்ட புள்ளைக்கு நான் சுமையாவணுமா?"

அவள் இல்லாமல் நான் தஞ்சாவூர் பஸ்ஸில்கூட ஏறியதில்லை. ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேச ஆள் வேண்டாமா? அவள் வராத ஜப்பான் எனக்கும் வேண்டாம். ஆனால் அதைச் சொன்னால் பாப்பா முகம் வாடிப்போகும். விசாவுக்குக் கொடுக்க, எந்த நாள் எந்த ஊர் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவாக வேண்டும் என்று வேறு சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் நவக்கிரகம் ஞாபகம் வந்தது. சில வருடம் முன்பு நாங்கள் இருவரும் வேனில் ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலும் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்லக் கூடாது, ஓடினோம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். திருநள்ளாற்றில் நான் கும்பிட்டது முன்னால் நின்ற ஒரு பச்சைச் சட்டைக்காரர் முதுகை. சனி பகவான் அந்த முதுகுக்கு அந்தப்பக்கம் இருந்திருப்பார் என்று நம்பிக்கை. ராத்திரி வீட்டுக்கு வந்து, எந்தக் கோயிலில் எந்தச் சாமி என்று எங்கள் இருவருக்கும் சண்டை.

அன்று மாலையே பாப்பாவை வீடியோவில் பிடித்தேன்.

"பாப்பா, இது என்னா, ஜப்பான் நவக்கிரக டூரா?"

"என்ன அப்பாயி, எல்லாத்தையும் காட்டணும்னுதானே போட்டேன்!"

"எல்லாத்தையும் காட்டாத. கொஞ்சமா காட்டு, உக்கார வச்சுக் காட்டு. ஒரு ஊருக்குப் போனா, மறுநாளு அந்த டீக்கடைக்காரருக்கு நம்ம மூஞ்சி அடையாளம் தெரியணும். அப்பதான் அந்த ஊருக்குப் போனதா அர்த்தம்."

பாப்பா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கும் அதான் அப்பாயி ஆச. நீங்க தூரத்துலேர்ந்து வர்றீங்களே, குறையா போயிருமோன்னு பயந்துட்டேன்." இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் ஓடப் பார்த்திருக்கிறோம், பாருங்கள்.

மருமகள் காகிதத்தில் எழுதினால் எனக்கு என்ன புரியும்? அதனால் கூடத்தில் பாத்திரங்களைப் பரப்பினேன். சொம்பு ஓசாகா. குண்டான் கியோட்டோ. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு புளியங்கொட்டை. டோக்கியோவுக்கு வைத்த தூக்குவாளியை எடுத்து அடுப்படிக்குத் திருப்பி அனுப்பினேன். மகன் பதறிவிட்டான்.

"அம்மா, ஊருல கேக்குறவங்க மொதல்ல டோக்கியோ பாத்தீங்களான்னுதான் கேப்பாங்க!"

"கேட்டா உன்னைய காட்டி விடுறேன். நீ பதில் சொல்லு."

நாராவுக்குத் தனிப் பாத்திரம் வேண்டாம் என்றாள் பாப்பா, வீடியோவில் பார்த்துக்கொண்டே. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய் வருகிற மாதிரி, ஓசாகாவிலிருந்து போய்த் திரும்பலாமாம். அங்கே மரத்தாலேயே கட்டிய பெரிய கோயிலுக்குள் புத்தர் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார், வெளியே மான்கள் மாடு மாதிரித் தெருவில் திரிகின்றன என்று படம் காட்டினாள். கதவோரமாக நின்ற ஓரகத்தி, "அதுங்க யாரு கொல்லையில மேயுது?" என்று கேட்டாள். வரவில்லை என்று சொன்னவளுக்கு மான் எங்கே மேய்ந்தால் என்ன? எனக்குள் ஒரு சின்ன வெளிச்சம். காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து மாதம். பங்குனியில் வந்தால் ஊரே பூவாக இருக்கும் என்றாள் பாப்பா. பங்குனியில் எங்களுக்கு உளுந்து. மே முதல் வாரம் அங்கே பெரிய லீவாம், எங்கே பார்த்தாலும் கூட்டமாம். அது முடிந்து வந்தால் பூ இருக்காது, ஆனால் வடக்கே கனசவா என்கிற ஊர்ப்பக்கம் நடவு நடந்துகொண்டிருக்குமாம். நான் டம்ளரை எடுத்து வைத்தேன். அதுதான் கனசவா. "பூவ போட்டோவுல பாத்துக்குறோம். அவங்க நாத்தங்கால் எப்புடின்னு நேருல பாக்கணும்" என்றேன். உளுந்துச் சாக்கும் அதோடு செத்தது.

இனி நாங்கள் செய்த கூத்தைச் சொல்கிறேன். கோயிலென்றால் நமக்குச் சாயங்காலம்தானே? வெயில் தாழ்ந்து, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு போவது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், நாலு மணிக்கு மேல் திறப்பார்கள். அந்தக் கணக்கிலேயே நானும் மருமகளும் கியோட்டோவில் அத்தனை கோயிலையும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைத்துவிட்டோம். காலையில் கடைத்தெரு. பெருமையாகப் பாப்பாவிடம் சொன்னால், அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

"அப்பாயி, இங்க பெரும்பாலான கோயிலு மத்தியானம் சாத்த மாட்டாங்க. அஞ்சு மணிக்கெல்லாம் கதவ சாத்திருவாங்க! நீங்க தெனம் பூட்டத்தான் கும்பிடணும்."

"சாயரட்ச பூஜ இல்லையா?"

"இல்ல அப்பாயி."

"விளக்கு வைக்கிற நேரத்துல சாமிய தனியா விட்டுட்டுப் போயிருவாங்களா?" என்று கதவோரத்துக் குரல் கேட்டது.

எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பினோம். திருப்பியதும்தான் நல்லதாகப் போயிற்று. காலையில் வெயிலுக்கு முன் ஒரே ஒரு கோயில். மத்தியானம் சாப்பாடு, தூக்கம். சாயங்காலம் ஆற்றங்கரை, கடைத்தெரு, வெந்நீர்க் குளியல். டீ ஆற்றிக் கொடுப்பதையே ஒரு கலையாகச் செய்கிறார்களாம், அதைத் தரையில் மண்டியிடாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற இடமாகப் பாப்பா தேடிப் பிடித்தாள். யாருக்காக என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பொதுத் தொட்டியில் இறங்கிக் குளிக்கிற அந்த வெந்நீர்க் குளியல் மட்டும் எனக்கு இன்னும் யோசனைதான். பெண்கள் தனி, ஆண்கள் தனி, ஆனால் மேலுக்குப் பாவாடைகூடக் கட்டிக்கொள்ளக் கூடாதாம். பம்புசெட்டில் குளித்தாலும் மார்வரைக்கும் கட்டியே குளித்தவர்கள் நாங்கள். பார்ப்போம்.

இத்தனைக்கும் ஓரகத்தி மசியவில்லை. "நல்லா போட்டிருக்கீங்க, போயிட்டு வாங்க" என்பாள். சனிக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் பாப்பாவுக்கு பதில் சொல்ல வேண்டும்.

"கெளம்புடி, தஞ்சாவூருக்கு" என்றேன்.

"எதுக்கு?"

"ஜப்பானுக்கு ஒத்திகை பாக்க. ஒரு நாளு, இப்ப மாத்திப் போட்ட மாதிரியே. உன் முட்டி முடியாதுன்னு சொல்லிட்டா, நானும் போவல. அதோட விட்டுருவோம்."

அவள் என்னை முறைத்தாள். ஆனால் சேலையை மாற்றிக்கொண்டாள்.

காலை வெயில் ஏறுமுன் பெரிய கோயிலுக்குள் இருந்தோம். எத்தனையோ தடவை வந்திருக்கிறோம், எல்லாம் பஸ் பிடிக்கிற அவசரத்தில். அன்று கும்பிட்டு முடித்ததும் சுற்று மண்டபத்து நிழலில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். கோபுரத்து நிழல் மெள்ள நகர்வதைப் பார்த்துக்கொண்டு, கடந்துபோகிற கல்யாணக் கூட்டத்தில் யார் பெண், யார் மாப்பிள்ளை என்று கண்டுபிடித்துக்கொண்டு, மனசு நிறைகிற மட்டும் இருந்தோம். அவள் முட்டியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. எழுந்திருக்கத் தோன்றியபோது அவளே எழுந்தாள்.

ஓட்டலில் சாப்பாடு. தெரிந்தவர் ஒருவர் நடத்துகிற லாட்ஜில் ஒரு ரூம். மின்விசிறிக்குக் கீழே அவள் விட்ட குறட்டையில் நான்தான் தூங்கவில்லை. சாயங்காலம் முகம் கழுவி, டீ குடித்து, கடைத்தெருவுக்கு நடந்தோம். மெதுவாக, வளையல் கடை, பாத்திரக்கடை எல்லாவற்றிலும் நின்று நின்று. எனக்குத்தான் கால் ஓய்ந்தது. அவள் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். போனவள் சட்டென்று ஒரு செருப்புக் கடைக்குள் ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே படியேறினேன்.

"தம்பி, ஷூ இருக்கா? எனக்குத்தான்" என்றாள் கடைக்காரரிடம். வாழ்நாளில் ஷூ போடாதவள்.

கடைக்காரர் கயிறு வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"கயிறு வேணாம். குனிஞ்சு குனிஞ்சு கட்ட முடியாது. ஒட்டி, உரிக்கிற மாதிரி குடுங்க. அங்க கோயிலு, சில சாப்பாட்டுக் கடைன்னு உள்ள போவயில கழட்டித்தான் போவணுமாம், அப்புறம் மாட்டணுமாம்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். "இது உனக்கு யாருடி சொன்னா?"

"பாப்பாகிட்ட கேட்டேன். ஏன், நீ மட்டுந்தான் போன் பேசுவியா?"

என் கையிலிருந்த போனைப் பிடுங்கி மருமகளுக்குச் சொல்லி, மருமகள் வழியாக ஓசாகாவைப் பிடித்துவிட்டாள். ஒரு காலில் புது ஷூ, மறு காலில் பழைய ரப்பர் செருப்பு. பாப்பா முகம் போனில் வந்தது.

"பாப்பா, கனசவாவுல ரெண்டாவது நாளு ஒண்ணுமே போடாம வச்சிருக்கியாமே? படுத்துத் தூங்கவா அம்புட்டுத் தூரம் வர்றோம்? அன்னைக்கு அந்த நடவு வயல்காரங்க ஊட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போ. மிஷின்ல நடுறாங்களாம், மூலையில விட்டுப்போனத யாராவது கையால நட்டுத்தானே ஆவணும்? அத பாக்கணும்."

பாப்பா மெதுவாகக் கேட்டாள்: "சின்ன அப்பாயி... அப்ப வர்றீங்களா?"

"வராமத்தான் கடையில ஒத்தக் கால்ல நிக்கிறனா?"

நான் கடைக்காரர் திடுக்கிடுகிற அளவுக்குக் கைதட்டினேன். பிறகு எனக்கும் ஒரு ஜோடி எடுக்கச் சொன்னேன், அவளுடையதைவிடப் பளிச்சென்று.