நடராஜாவுக்குத் தைச்ச சட்டை

புருஷன் பேரச் சொல்லக் கூடாதும்பாங்க. இருக்காரா போயிட்டாரான்னே தெரியாத மனுஷனுக்கு அந்த மரியாதை எதுக்கு? அய்யாவு. கூலிம் கடைத்தெருவுல தையல் கடை வெச்சிருந்த அய்யாவு. நான் அவரு பொண்டாட்டி செல்லாயி, பொத்தானுக்குக் காஜா எடுத்தே கண்ணு கெட்டவ.

யுத்தத்துல ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் எங்கயும் துணி இல்ல. ரப்பர்த் தோட்டத்து ஆம்பளைங்க கோணிச் சாக்க இடுப்புல சுத்திக்கிட்டுப் பால் வெட்டப் போனாங்க. ஒரே சேலைய மாமியாளும் மருமகளும் மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டுத்தான் வெளிய தலை காட்டினாங்க. அந்த நேரத்துல, பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி சீனிவாசகம் வண்டி நிறைய முரட்டு நீலத்துணி கொண்டாந்து எங்க கடையில எறக்கினாரு. "ஆளுக்கு ஒரு சட்டை, ஒரு முழுக்கால் சிலுவார். ஜப்பான்காரர் இனாமாக் குடுக்கிறாரு. ஒரே அளவா வெட்டித் தள்ளுங்க, போதும்"னாரு.

எங்க வீட்டுக்காரரு கேப்பாரா? பிடிவாதத்துக்கே பொறந்தவரு. டேப்பத் தூக்கிக்கிட்டுக் கூலியாளுங்க குடியிருக்கிற லயத்துக்கே போயி, ஒவ்வொருத்தனையும் குந்த வெச்சு அளந்தாரு. நிக்க வெச்சு அளந்தா, மரத்தடியில குந்தினதும் பின்பக்கம் டர்ருன்னு கிழிஞ்சிரும்பாரு. தோள்ல காண்டாக் கம்பு வெச்சுப் பால் வாளி சுமக்கிறவனுக்கு ஒரு தோளு எறங்கியிருக்கும். அந்தப் பக்கம் கொஞ்சம் விட்டு வெட்டுவாரு. வெட்டுறதுக்கு முன்னாலயே துணியத் தண்ணியில ஊறப்போட்டுக் காய வெச்சாரு, இல்லன்னா மொத வெளுப்புலயே சுருங்கிக் கணுக்காலுக்கு மேல ஏறிக்கும். கவட்டுல ரெண்டு விளிம்பையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடிச்சு, மெழுகு தேச்ச நூல்ல ரெட்டைத் தையல்.

"இனாமாக் குடுக்கிற துணிக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கெடுறீங்க?"ன்னு வஞ்சேன்.

"போடுறவன் இனாமாவா போடப் போறான்? பாடுபடப் போறான்ல"ன்னாரு.

குடுக்கிற அன்னைக்குக் காலையில, ஆளெண்ணி வேலைக்கு அனுப்புற பெரட்டுக் களத்துல எல்லாரும் தீபாவளிக்கு நிக்கிற மாதிரி சிரிச்சுக்கிட்டு வரிசையில நின்னாங்க. நாங்க பேரக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தோம். வாங்கினவன ஒரு ஜப்பான் சிப்பாய் ஆபீசுக்குப் பின்னால கூட்டிக்கிட்டுப் போனான். உடுப்பு மாத்தத்தான் போறாங்கன்னு வரிசையில நின்னவங்க நெனச்சாங்க. நான் நின்ன எடத்துலேருந்து பாத்தா அங்க லோரி நிக்குது. புதுச் சட்டையோட ஒவ்வொருத்தனையா ஏத்துறாங்க. சயாமுல ஜப்பான்காரன் போடுற ரயில் பாதைக்கு ஆள் புடிக்கிறாங்கன்னு அப்பத்தான் வெளங்குச்சு. பக்கத்துத் தோட்டத்துலேருந்து அப்படிப் போனவங்க ஒருத்தரும் திரும்பல.

எங்க வீட்டுக்காரரும் பாத்துட்டாரு. நிறுத்தினா துப்பாக்கிக் கட்டையால அடிச்சே கொன்னுருவான். அதனால குடுத்துக்கிட்டே இருந்தாரு. அடுத்தது நடராஜா. நெட்டையன். அவன் பொண்டாட்டி பாப்பம்மா கூலிம்ல அவ அம்மா வீட்டுல புள்ள பெத்து ஒரு வாரங்கூட ஆகல.

"உன்னோடது முடியலப்பா. நாளைக்குக் கடைக்கு வா. இப்ப நேரா கூலிமுக்குப் போயிப் புள்ளையப் பாரு"ன்னாரு இவரு.

"அந்தா இருக்கேண்ணே, என்னோட சட்டை." அந்தக் கூமுட்டைக்குச் சட்டை மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சு.

"போடான்னா போடா." யாரையும் அதட்டிப் பேசாத மனுஷன், அடித்தொண்டையில உறுமினாரு. சிப்பாய் லோரிகிட்டேருந்து திரும்புறதுக்குள்ள நடராஜா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

எல்லாம் குடுத்து முடிஞ்சு அந்த ஒரு சோடி மட்டும் மிஞ்சிருச்சு. சிப்பாய் அதத் தூக்கிக் காட்டி என்னமோ கத்தினான். லோரிகிட்ட ஆள எண்ணிக்கிட்டிருந்த கிராணி ஓடியாந்தாரு. "ஆளு ஒண்ணு கொறையுதாம். யாரோடதுய்யா இது? சொல்லிரு அய்யாவு, இல்லன்னா என்னைய ஏத்திருவான்"னு கெஞ்சினாரு.

இவரு டேப்பச் சுருட்டிப் பையில போட்டாரு. "சொல்லித் தொலைங்களேன்"னு கையப் புடிச்சு உலுக்கினேன்.

"சும்மா இருடி. பச்சப் புள்ளக்காரன்"னாரு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி.

சிப்பாய் அந்தச் சட்டைய அவரு மேலயே வீசினான். போட்டாரு. கை நீண்டு வெரலயே மறைச்சிருச்சு. சிலுவாரு கால்ல மிதிபட, தடுக்கித் தடுக்கி நடந்தாரு. லோரிக்குக் கிட்டப் போக என்னைய விடல.

மறுநாள் காலையில கடை வாசல்ல நடராஜா வந்து நின்னான், இடுப்புல அதே சாக்கோட. மாமியா வீட்டுலேருந்து நேரா வர்றான். அவனுக்கு ஒரு சேதியும் தெரியாது.

"ஆம்பளப் புள்ளக்கா. அண்ணே இல்லையா? சட்டை வாங்கிக்கலாம்னு வந்தேன்."

அவன வையணும்னுதான் வாயத் தொறந்தேன். அழுகைதான் வந்துச்சு. "அதப் போட்டுக்கிட்டுத்தான்டா உங்கண்ணன் சயாமுக்குப் போயிட்டாரு"ன்னேன்.