வாடைக் காற்றில் இறங்கிய குடை

கம்பெனிப் பேருந்தில் என் பக்கத்து இருக்கை பதினோரு ஆண்டுகள் ஒரே ஆளுக்குத்தான் சொந்தம். வண்டி மாமல்லபுரத்தில் புறப்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு மறைமலைநகர் போகும். முதல் நிறுத்தத்தில் ஏறும் அவன், என் இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துவிட்டுத் தூங்கிவிடுவான். நான் பையை எடுத்து அவன் மடியில் வைத்தால், கண்ணைத் திறக்காமலே "வந்துட்டியா மச்சான்" என்பான். அந்தக் குரலைக் கேட்காமல் தொடங்கிய நாட்கள் மிகக் குறைவு. இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவனும் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஆனால் காலை ஆறே காலுக்கு இன்றும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

அவன் குடும்பத்தில் தொழிற்சாலை வேலைக்கு வந்த முதல் ஆள் அவன்தான். ஆறு நாள் இயந்திரத்தோடு இருப்பான், ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு கடலுக்குப் போவான். அவர்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஞாயிறுதோறும் நானும் அங்கே போய்விடுவேன். அண்ணன் வலை பிரித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பிடித்த வேலையை நான் செய்வேன். எந்த நாளில் காற்று திரும்பியது, எந்த வாரம் இறால் வந்தது என்று தேதி, நேரத்தோடு குறித்துக்கொள்வேன். காவல் நிலையத்தில் எழுதுகிறவரை அழைப்பது போல அண்ணன் என்னை 'ரைட்டரு' என்பார். ஏதாவது சந்தேகம் வந்தால், "ரைட்டரு, போன வருசம் வாடை எப்ப நின்னுச்சி, பாத்துச் சொல்லு" என்று கேட்பார். புத்தகங்களில் நான் படித்த எதையும்விட அந்தக் கேள்விகள் எனக்குப் பெருமையாக இருந்தன.

அந்தக் கரையோரம் ராணுவ விமானங்களின் சாகசக் காட்சி நடந்தது ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் படகு எதுவும் இறங்கக் கூடாது என்று காவலர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். படகுகள் எல்லாம் மணலில் வரிசையாக ஏறி நின்றன. நாங்கள் மூவரும் அண்ணனின் ஃபைபர் படகு நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். நான் நிகழ்ச்சி நிரலைச் செய்தித்தாளில் இருந்து வெட்டி எடுத்து வந்திருந்தேன். எந்த விமானம் எத்தனை மணிக்கு வரும் என்று வரிசையாக அதில் இருந்தது. ஒவ்வொன்றும் வந்து போனதும் பேனாவால் டிக் அடித்தேன். "மச்சான், ஏரோப்ளேனுக்கே அட்டென்டன்ஸ் எடுக்குற ஆளு நீதான்" என்று நண்பன் சிரித்தான்.

பதினொன்று அடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. வடக்கிலிருந்து ஒரு ஜெட் தனியாகத் தாழ்ந்து வந்தது. அதுவரை நெஞ்சை அதிரவைத்த சத்தம் நடுவில் அறுந்தது போல நின்றுவிட்டது. விமானத்தின் தலைப்பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று மேலே தெறித்தது, பாராசூட் குடை ஒன்று விரிந்தது. விமானம் மட்டும் கிழக்கே சரிந்துபோய், தொலைவில் கடலில் ஒரு வெள்ளைத் தூணை எழுப்பிவிட்டு மறைந்தது.

கரை முழுவதும் கைதட்டியது. பிள்ளைகள் குதித்தார்கள். என் பக்கத்தில் இருந்த நண்பனும் தட்டினான். நான் மட்டும் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அதில் குடையும் இல்லை, கடலில் எதையும் போடும் காட்சியும் இல்லை. அதைச் சொன்னேன். அண்ணன் தாளைப் பார்க்கவில்லை. குடையின் சரிவைப் பார்த்தார், பிறகு தண்ணீரின் மேல் ஓடும் காற்றைப் பார்த்தார்.

"வாடை அடிச்சிகினு கீது. தண்ணில விழுந்தா குடை ஆள இஸ்துகினு பூடும்" என்றார். "தள்ளு."

அந்த 'தள்ளு' என்ற சொல்லுக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். காவலர் சொன்னது யாருக்கும் நினைவில்லை. படகு அலையைத் தாண்டும்போது நான் உள்ளே இருந்தேன், எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. மீட்புக்கு நிறுத்தியிருந்த படகுகள் வடக்கே வெகுதூரத்தில் இருந்தன. காற்று அந்த விமானியை எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டு வந்திருந்தது.

அருகே போனபோது குடைத்துணி தண்ணீரில் விரிந்து, பாதி காற்றில் புடைத்தபடி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் கயிறுகளின் மறுமுனையில் வெள்ளைத் தலைக்கவசம் ஒன்று தெரிந்தது. கழுத்தைச் சுற்றி மஞ்சள் மிதவைப் பை ஊதியிருந்தது. அண்ணன் துணியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். நண்பனும் சேர்ந்துகொண்டான். வலையை ஏற்றும்போது இழுப்பதைப் போலவே, கைமாற்றிக் கைமாற்றி, மடிப்பு மடிப்பாகப் படகுக்குள் சேர்த்தார்கள். முப்பது ஆண்டுகளாக அந்தக் கைகளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் பின்பக்கம் இருந்ததால் அவர்கள் பார்க்காததைப் பார்த்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் கயிறு விறைத்து, அந்த மனிதர் குப்புறக் கவிழ்ந்து தண்ணீருக்குள் போனார். நான்காவது இழுப்பில் தலைக்கவசம் மேலே வரவில்லை.

"அறுங்கண்ணா" என்று கத்தினேன்.

"வலைய எவனாவது அறுப்பானா?" என்றார் அவர், கையை நிறுத்தாமல்.

"அது வலை இல்லண்ணா. ஆளு முழுகுறாரு."

அவர் கை நின்றது. என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது, தூக்கத்தில் நடந்தவரை யாரோ எழுப்பியதைப் போல இருந்தது. அடுத்த நொடி இடுப்புக் கத்தி கையில் இருந்தது. கயிறுகளைக் கொத்தாகப் பிடித்து அறுத்தார். தலைக்கவசம் மேலே வந்தது. மூவரும் சேர்ந்து அவரைப் படகில் ஏற்றினோம்.

சின்ன வயதுக்காரர். நிறைய தண்ணீர் கக்கினார். வலது கை அசையவில்லை. மூச்சு வந்ததும் இந்தியில் ஏதோ திரும்பத் திரும்பக் கேட்டார். தொழிற்சாலையில் வடநாட்டு ஒப்பந்தத் தொழிலாளர்களோடு சாப்பிட்டுச் சாப்பிட்டு நண்பனுக்குக் கொஞ்சம் இந்தி வரும். விமானம் யார் மேலாவது விழுந்ததா என்று கேட்கிறார் என்றான். யார் மேலும் விழவில்லை என்று அவனுடைய கேன்டீன் இந்தியில் இரண்டு முறை சொன்னான். அதன் பிறகுதான் அவர் கண்ணை மூடினார். சற்று நேரத்தில் மீட்புப் படகு வந்து அவரை வாங்கிக்கொண்டது.

மறுநாள் செய்தித்தாளில், விமானி உயிர் பிழைத்தார், முதுகெலும்பில் காயம் என்று இருந்தது. பேருந்தில் நண்பன் தூங்கவில்லை. அண்ணன் இரவு சாப்பிடவில்லை என்றான். "நான் இஸ்ததுலதான் முதுகு பூட்ச்சி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். ஆபத்தில் விமானி இருக்கையோடு வெளியே வீசப்படும்போதே முதுகு அடிபடுவது வழக்கம் என்று நான் எங்கோ படித்திருந்தேன். அன்று மாலை நேராகக் குப்பத்துக்குப் போய் அதைச் சொன்னேன். அண்ணன் முழுதும் கேட்டார். "நீ நல்லவன் ரைட்டரு. அதனால சொல்ற" என்றார். குப்பத்தார் கூடி அவரைப் பாராட்டியபோது எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே குடைத்துணியை எடுத்துப்போக ஓர் அதிகாரியும் ஒரு ராணுவ மருத்துவரும் வந்தார்கள். மருத்துவர் தமிழர். நன்றி சொல்லக் கை நீட்டியவரிடம் அண்ணன் கை கொடுக்கவில்லை.

"சார், நான் அறுக்காம இஸ்தேன். அதுல முதுகு பூட்ச்சா?"

மருத்துவர், எப்படி இழுத்தீர்கள் என்று கேட்டார். அண்ணன் பக்கத்தில் கிடந்த வலையைப் பிடித்து இழுத்துக் காட்டினார், நான்கு முறை. பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னார்: முதுகு இருக்கை வீசியதில் அடிபட்டது, அதில் சந்தேகமே இல்லை. கையும் அதில்தான் போனது, அதனால்தான் அவரால் கயிற்றைக் கழற்ற முடியவில்லை. நுரையீரலில் தண்ணீர் போனது மட்டும் இந்த இழுப்பில். அது சரியாகிவிட்டது. மூன்று மாதத்தில் நடப்பார்.

அண்ணன் தலையாட்டினார். அவருக்கு ஆறுதல் வந்தது என்றால், அது முதுகைப் பற்றிய பதிலால் அல்ல என்று நினைக்கிறேன். நுரையீரலைப் பற்றியும் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னாரே, அதனால்தான். அப்போதுதான் அண்ணன் அவர் கையைப் பிடித்தார்.

ஞாயிறுகளில் இப்போதும் எப்போதாவது போகிறேன். குடை விழுந்த கதையை யாராவது கேட்டால் அண்ணனே சொல்வார். என்னைப் போல எதையும் பூசி மெழுகிச் சொல்ல மாட்டார். கேட்கிறவன் புதிதாகப் படகு வாங்கியவன் என்றால் நான்காவது இழுப்போடு கதையை நிறுத்திவிடுவார்.

"இப்ப ஆளு அடியில கீறான். துணி உன் கையில கீது. நீ இன்னா பண்ணுவ?"

பதில் வரும்வரை வலையைத் தொட மாட்டார்.